ஆறுவதும் ஆற்றுவதும்

பழக்கிடங்கில் எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா. அவளைவிட மூத்தவரான லாரிக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "மரியாதை தொட்டிக்கும்மா, உனக்கில்ல" என்பார். "அப்போ தொட்டியையே வந்து சரக்கு ஏத்தித் தரச் சொல்லுங்க" என்று அவளும் விடமாட்டாள்.

தொட்டி என்றால் வெந்நீர்த் தொட்டி. கிடங்கின் நடுவில், ஒரு வேன் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு, எஃகுத் தகட்டால் செய்து வைத்திருந்தார்கள். மாங்காய் நிரம்பிய பெட்டிகளைச் சங்கிலியில் கோத்து, உருளை வழியாக மெல்ல உள்ளே இறக்குவார்கள். காய் மிதக்காமல் இருக்க மேலே ஒரு கம்பி வலையை அழுத்திப் பூட்டுவார்கள். முற்றிய காய்தான், ஆனால் கிடங்கில் அதற்குப் பெயர் பழம். அடியில் மோட்டார் ஒன்று தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நாற்பத்தாறு டிகிரிக்குச் சற்று மேலே ஒன்றேகால் மணி நேரம் குளியல். பெரிய ரகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட.

இத்தனை உபசாரமும் ஓர் ஈக்காக. பழ ஈ, வீட்டு ஈயைவிடச் சின்னது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். தோட்டத்திலேயே காயின் தோலில் ஊசி முனையளவு துளை போட்டு முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். வெளியே பார்த்தால் மாசு மருவில்லாத காய். உள்ளே புழு பொரிந்து, கொட்டைப் பக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டே போகும். அப்படி ஒரு காய் கடல் தாண்டிப் போய், புழு அங்கே ஈயாகப் பறந்தால், அந்த நாட்டுத் தோட்டங்களுக்குத் தலைவலி. அதனால் சரக்கில் உயிருள்ள புழு ஒன்று இருந்தாலும் மொத்த லாரியும் திரும்ப வேண்டியதுதான்.

முன்பு அதற்கு வாயு அறை இருந்தது. பெட்டிகளை அடுக்கி, கதவை அடைத்து, மருந்து வாயுவை விடுவார்கள். அந்தக் கதவுக்குக் காவல் தொட்டியக்காதான். அப்போது அவளுக்கு அந்தப் பெயர் இல்லை. முகமூடி மாட்டிக்கொண்டு கதவிடுக்கில் பசைத்தாள் ஒட்டுவதும், பிறகு பிரித்து, விசிறி போட்டு, காற்று வெளியேறும்வரை யாரும் பக்கத்தில் வராமல் விரட்டுவதும் வேலை. வீட்டுக்குப் போனால் கண் எரியும். சோறு இறங்காது. கணவன், பள்ளி வேன் ஓட்டுகிறவர், "இன்னைக்கும் புழுவோட சேர்ந்து நீயும் பாதி மயங்கிட்டியா?" என்று கேலி செய்துகொண்டே அடுப்பைப் பற்றவைப்பார். கேலி செய்தாலும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

மருந்து படாத பழம்தான் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கியதும், முதலாளி தொட்டியை வாங்கிப் போட்டார். கிடங்கே சிரித்தது. சாம்பாரா ரசமா என்று கேட்டார்கள். பொறுப்பை யாரும் ஏற்க வராதபோது அவள் முன்னால் போய் நின்றாள். வாயு அறையிலிருந்து தப்பிக்க வெந்நீரில் அவளையே குதிக்கச் சொன்னாலும் குதித்திருப்பாள்.

முதல் குளியல் அமோகமாக வெந்தது. தோல் சுருங்கிப் பழுப்பேறி, உள்ளே சதை கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. கிடங்கில் எல்லோரும் வெறுத்துப்போகும்வரை மாம்பழச் சாறு குடித்தார்கள். கணக்குப் பிள்ளை மட்டும் கடைசிவரை இன்னொரு டம்ளர் கேட்டார்.

ஆனால் அவள் பிடித்த பிடியை விடவில்லை. எந்த மூலையில் தண்ணீர் சோம்பி நிற்கிறது, எந்த மூலையில் சூடு கூடுகிறது என்று வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். பெரிய காயும் சின்னக் காயும் ஒன்றாகக் குளித்தால், சின்னது வெந்துபோகும், பெரியது உள்ளே பச்சையாக இருக்கும். அதனால் ரகம் பிரிக்கும் மேசையில் தராசு வைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். கையை நம்பமாட்டாள். "கைக்குக் காலையில ஒரு சூடு, சாயங்காலம் ஒரு சூடு" என்பாள். நீண்ட ஊசி வெப்பமானி ஒன்றைக் காயில் கொட்டைவரை செருகி, அது சொல்வதைத்தான் கேட்பாள்.

அந்த ஊசிதான் முக்கியமான ஒரு விஷயத்தைக் காட்டியது. காயைத் தண்ணீரிலிருந்து எடுத்த பிறகும் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. தோல் பக்கம் இறங்கத் தொடங்கினாலும் கொட்டைப் பக்கம் இன்னும் ஏறும். கொட்டையை ஒட்டி ஒளிந்திருக்கிற புழுவுக்கு அந்தக் கடைசிச் சூடுதான் எமன். அதனால் குளியல் முடிந்த பெட்டிகளைப் பலகைமேல் வரிசையாக வைத்துத் தொடாமல் விடவேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் வலையறைக்குள் கொண்டுபோக வேண்டும். வலையறை என்பது ஈ புகாத கம்பி வலை அடித்த அறை. அதற்கு இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவதைத் திறக்கலாம்.

எல்லாம் ஒருவழியாகக் கைக்கு வந்து, வெளிநாட்டுக்கு முதல் லாரி போகிற நாளும் வந்தது. முதலாளி கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு லாரிதாம்மா. ஒரு புழு நெளிஞ்சாலும் தொட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். மறுபடியும் வாயு அறைதான். என்னால ரெண்டையும் கட்டி மாரடிக்க முடியாது."

"நெளியாது முதலாளி" என்றாள். சொல்லும்போதே கண் எரிவது போல இருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அவளுடைய கூட்டாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் அவளோடு வேலை பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். ரகம் பிரிக்கும் மேசையிலிருந்து யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டதற்கு வந்து நின்றது அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை. பேருந்து நிலையத்து வாசலில் ரொம்ப வருடம் டீக்கடை நடத்தியவள். நிலையத்தை வேறிடத்துக்கு மாற்றியதும் கடையை மூடிவிட்டு, அண்ணி சொல்லிக் கிடங்கில் சேர்ந்திருந்தாள். கையும் வேகம், வாயும் வேகம். இரண்டில் எது முந்தும் என்று சொல்ல முடியாது.

"என்ன அண்ணி, குளிப்பாட்டி, தலை துவட்டி, பவுடரும் போட்டுத்தான் அனுப்புவீங்களா?"

"வாயை மூடிட்டுச் சங்கிலியைப் பிடிடி."

"வாயால பிடிக்கல அண்ணி, கையாலதான் பிடிக்கிறேன். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது நடக்கும்."

நடக்கத்தான் செய்தது. காலையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக இறங்கி ஏறியது. முன்சுற்றுப் பெட்டிகளைத் தொட்டியக்காவே பலகையில் வைத்து, அவளே பார்த்து, அவளே உள்ளே அடுக்கினாள். நாத்தனார் ரகம் பிரித்த பெட்டிகளை இந்தப் பக்கம் இழுத்துத் தருவதோடு சரி. கடைசிச் சுற்று மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கிற ஆய்வாளர் அம்மா நேரத்தோடு வந்துவிட்டார், வெப்பமானிகளைச் சரிபார்க்கக் கேட்கிறார் என்று. அந்த அம்மாளுக்குக் கிடங்கில் கத்தி மேடம் என்று பெயர். காயை அறுத்துப் பார்க்கச் சொந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். மற்றபடி அதிகம் பேசாதவர்.

தொட்டியக்கா மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "சூடு நல்லா ஆறணும். அப்புறம்தான் உள்ள. பார்த்துக்கோ!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது தரை. ஈரம். பலகைமேல் ஒரு பெட்டிகூட இல்லை. சுவரோரம் தண்ணீர்க் குழாய் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நாத்தனார், முந்தானையில் கை துடைத்தபடி, பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"எங்கடி பழம்?"

"உள்ளே அடுக்கியாச்சு அண்ணி."

"அதுக்குள்ளயா? ஆறுச்சா?"

"ஆறாம? பைப்பைத் திறந்து விட்டு, ஃபேனையும் திருப்பி வச்சு, ஆத்து ஆத்துன்னு ஆத்திட்டேன். தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்."

"ஆத்துனியா?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஆறணும்னு சொன்னேன்டி! ஆத்தணும்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே? டீ தானா ஆறட்டும்னு நான் வச்சிட்டு உக்காந்தா எந்த பஸ்ஸுக்காரன் நிப்பான்? ஆறணும்னா ஆத்தணும். இதுகூடத் தெரியாமலா நான் கடை நடத்துனேன்?"

தொட்டியக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் சொன்னது ஆறுவதை; அது தானாக நடப்பது. இவள் செய்தது ஆற்றுவதை. அது ஒருவர் கைவைத்துச் செய்வது. இத்தனை நாளும் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் கூட்டாளிதான். எந்த வேலையையும் சொல்லாமலே சும்மா விட்டுவிடுகிற மனிதர் அவர். ஆறணும் என்றால் பலகையிலேயே சாய்ந்துகொண்டு அவரும் சேர்ந்து ஆறுவார்.

இரண்டு பேரும் வலையறைக்கு விரைந்தார்கள். முதல் கதவைச் சாத்திவிட்டு, இரண்டாவது கதவைத் திறக்கப் போன தொட்டியக்கா அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப என்ன அண்ணி ஆயிடும்?"

"உள்ளே போய்க்கிட்டிருந்த சூட்டை நீ தண்ணியை ஊத்தி வெளிய இழுத்துட்டே. கொட்டை பக்கத்துல புழு இருந்தா பொழைச்சுக்கும்."

"இருந்தாத்தானே? எல்லாத்துலயுமா இருக்கப்போகுது?" நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் ஒரே பச்சை. ஒரே பெட்டி. அந்தம்மா அங்கொண்ணு இங்கொண்ணு வெட்டப் போறாங்க. நீங்களும் நானும் வாயைத் திறக்கலேன்னா யாருக்குத் தெரியும்?"

"நீ வாயைத் திறக்காம இருப்பியா?"

நாத்தனார் யோசித்துப் பார்த்தாள். "கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

கதவிடுக்கில் நின்றபடியே தொட்டியக்கா கணக்குப் போட்டாள். சொல்லாமல் விட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். அங்கே போய் ஒரு புழு எட்டிப் பார்த்தால், இந்தத் தொட்டி மட்டுமல்ல, வெந்நீரே பொய் என்று ஆகிவிடும். சொன்னால் லாரியில் சரக்கு குறையும், முதலாளி இன்றைக்கே தொட்டியை விற்றுவிடலாம். எந்தப் பக்கம் போனாலும் வாயு அறைக் கதவு தெரிந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் வெந்நீர் செய்யாத குற்றத்தை வெந்நீர் தலையில் போடவேண்டியிருக்கும். அதை மட்டும் அவளால் செய்ய முடியாது.

"ஊசியை எடு" என்றாள்.

உள்ளே பெட்டிகள் கூரைவரை நின்றன. காலையிலிருந்து நிற்கிறவை எவை, கடைசியாக வந்தவை எவை என்று கண்ணுக்குத் தெரியாது. நாத்தனார் கிடைத்த சந்திலெல்லாம் சுறுசுறுப்பாகச் செருகி வைத்திருந்தாள். பெட்டிக்கு ஒரு காயாக எடுத்து, ஊசியை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். தானாக ஆறிய காயில் தோலிலிருந்து கொட்டைவரை ஒரே சூடு, வெப்பமானியின் முள் அசையாது. தண்ணீர் பட்டதில் தோல் குளிர்ந்து, உள்ளே போகப்போக முள் மெதுவாக ஏறும்.

"ஏறுது அண்ணி."

"ஒதுக்கு."

"இது ஏறல."

"விடு."

கொஞ்ச நேரத்தில் நாத்தனாருக்கே அது பிடிபட்டுவிட்டது. "இதுவும் என் கைவரிசைதான்" என்று ஊசி முழுதாக இறங்குமுன்பே சொல்லத் தொடங்கினாள். ஒதுக்கியவற்றைத் தொட்டியக்கா எண்ணிப் பார்த்தாள். கடைசிச் சுற்றில் ஏற்றியவை அத்தனையும் சரியாக வந்துவிட்டன.

முதலாளி செய்தியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லாரி முழுசும் போகும்னு வாக்கு கொடுத்திருக்கேன். மறுபடியும் ஒரு முக்கு முக்கி எடுக்கக் கூடாதா?"

"வெந்துடும் முதலாளி. கணக்குப் பிள்ளை மட்டும்தான் சந்தோஷப்படுவார்."

"அப்போ உன் தொட்டியால எனக்கு என்னம்மா லாபம்? கதவைச் சாத்தி வாயுவை விட்டா இந்த ஆறுது, ஆத்துது எல்லாம் உண்டா?"

அவர் குரல் உயர்ந்ததில் கத்தி மேடம் வெளியே வந்துவிட்டார். எந்தப் பெட்டி, என்ன ஆயிற்று என்று இரண்டே கேள்வி கேட்டார். தொட்டியக்கா ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்தார்.

போகவேண்டிய பெட்டிகளிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகவே காய்களை எடுத்துவரச் சொல்லி அறுத்தார். ஒன்றிரண்டில் புழு இருந்தது. வெந்த நூல்போல, நிறம் செத்து, அசையாமல் கிடந்தது. கத்தி முனையால் தொட்டுப் பார்த்தார். உருட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இனி அதையும் வெட்டலாம்" என்று ஒதுக்கிய பெட்டிகளைக் காட்டினார்.

"அது போகாத சரக்கு மேடம். எதுக்கு?" என்றார் முதலாளி.

"வித்தியாசம் இருக்கான்னு தெரிய வேண்டாமா? எனக்கும் தெரியாது. கத்தி இருக்கிறவங்க எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். லாரிக்காரர்கூட வண்டியிலிருந்து கத்தி கொண்டுவந்தார். பாதிப் பேர் அறுத்தார்கள், மீதிப் பேர் அறுத்ததைத் தின்றார்கள். காய்கள் குவிந்தன. புழுவைக் காணோம். செத்ததும் இல்லை, உயிரோடும் இல்லை. முதலாளி தொட்டியக்காவைப் பார்த்த பார்வையில், 'இதுக்கா என் லாரியைக் குறைச்சே?' என்பது எழுதி ஒட்டினாற்போல இருந்தது. புழு இருக்கக் கூடாது என்று இத்தனை நாள் பாடுபட்டவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புழு வராதா என்று ஏங்கினாள்.

"அண்ணி!" என்று ஒரு அலறல்.

நாத்தனார் காயைப் பிளந்து கையில் வைத்திருந்தாள். மற்றொரு பாதி ஏற்கெனவே அவள் வாய்க்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றிருந்தது. கொட்டையை ஒட்டி, அரிசிமணி போல ஒரு வெள்ளைப் புழு, உடம்பை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தது.

"உசுரோட இருக்கு அண்ணி! நல்லா இருக்கு!" பிள்ளை பிறந்த செய்தி சொல்லும் செவிலியின் குரல் அது.

எல்லோரும் சுற்றிக் குனிந்தார்கள். முதலாளியும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முகத்தைக் கொண்டுபோனார். பழ ஈயின் புழு வளர்ந்துவிட்டால் தலையையும் வாலையும் சேர்த்து வில்லாக வளைந்து துள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. அது துள்ளியது. அவர் சட்டைப் பைக்குள் போய் விழுந்தது. முதலாளி துள்ளிய துள்ளலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

பேனாவையும் கைபேசியையும் வெளியே எறிந்து, பையை உதறி, புழுவைப் பிடித்து மேசையில் போட்ட பிறகு, கத்தி மேடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் திரும்பி நின்றார். பிறகு பழைய முகத்தோடு சொன்னார்: "இது மட்டும் லாரிக்குள்ள இருந்திருந்தா, நான் பெட்டிக்கு இல்ல, உங்க தொட்டிக்கு சீல் வச்சிருப்பேன். இப்ப ஒதுக்கினதைத் தனியா அனுப்பிடுங்க, மாம்பழக் கூழ் போடறவங்களுக்கு. மத்ததுக்கு சீல் வைக்கலாம்."

லாரிக் கதவில் ஈய முத்திரையை இடுக்கியால் கடித்து இறுக்கும் சத்தம் கேட்டதும்தான் தொட்டியக்கா மூச்சு விட்டாள். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் ஒரு கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது.

"தொட்டி இருக்கட்டும்மா" என்றார். "இவளை என்ன பண்றது?"

"தப்பு இவ மேல இல்ல முதலாளி. நான் சொன்ன வார்த்தையிலதான்."

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று நாத்தனார் கையைத் தூக்கினாள். "எங்க அண்ணி வாயால தப்புன்னு ஒத்துக்கிட்டது இதான் முதல் தடவை. எங்க அண்ணனுக்கு யாராவது போன் போடுங்க."

"ஆனா இவ இனிமே தொட்டிப் பக்கமே இருக்கட்டும். எது ஏறுது எது ஏறலேன்னு இவகிட்ட ஊசி பேசுது" என்றாள் தொட்டியக்கா.

பிறகு அந்தக் கிடங்கில் யாரும் சூடு ஆறணும் என்று சொல்வதில்லை. தொட்டியக்கா ரொம்ப யோசித்து, யாரும் கைவைக்கத் தோன்றாத ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தாள். பழம் குளித்து வந்தால் தூங்கும். பெட்டிகளைப் பலகையில் வைத்ததும், "தூங்கவிடு" என்பாள். தூங்குகிறதைப் போய் எவனும் தண்ணீர் ஊற்றி எழுப்பமாட்டான் இல்லையா? காவலுக்கு நாத்தனார். அவள் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் இல்லை. பலகைப் பக்கம் யார் வந்தாலும் உதட்டில் விரலை வைத்துவிடுவாள். லாரிக்காரர் தொண்டையைச் செருமினால் முறைப்பாள். இடுப்பு சரியாகித் திரும்பிய கூட்டாளி கொட்டாவி விட்டால் மட்டும், அது பொருத்தம்தான் என்று விட்டுவிடுவாள்.

ஒருநாள் முதலாளி கைபேசியில் யாரிடமோ உரத்துப் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார். அடுத்த லாரிக்கு ஆர்டர் வந்திருந்த உற்சாகம்.

"ஷ்! பழம் தூங்குது முதலாளி" என்றாள் நாத்தனார்.

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "அப்புறம் கூப்பிடுறேன்" என்று கைபேசிக்குள் கிசுகிசுத்துவிட்டு, பெட்டி வரிசையைத் தாண்டும்வரை குதிகாலைத் தூக்கி மெல்ல நடந்தார். தாண்டிய பிறகுதான் தாம் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். அண்ணியும் நாத்தனாரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக்குள் மும்முரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருடைய தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன.